மூன்று சொட்டு

பாக்கியசீலனுக்குக் கொரோனாவோடு போன மோப்பம் திரும்பி வரவே இல்லை. மல்லிகைப் பூவும் மீன் கழுவிய தண்ணீரும் அவருக்கு ஒன்றுதான். நாலைந்து வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக் குறைப்பட்டவர், இந்த ஆகஸ்டு மாதத்தோடு அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டார். அந்த மாதம்தான் அவர் மனைவி ஜெபகனிக்குப் பெருங்குடலின் அடியில் இருந்த கட்டியை வெட்டி எடுத்தார்கள். தைத்த இடம் ஆறும்வரை மலம் அந்த வழியாகப் போகக் கூடாது என்று, சிறுகுடலின் ஒரு வளைவை வயிற்றின் வலப்பக்கம் வெளியே எடுத்து வைத்து, அதன் மேல் ஒரு பையை ஒட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளை இல்லாத வீடு. பையைக் கழற்றவும் மாட்டவும் அவரைத் தவிர ஆள் கிடையாது.

"கர்த்தர் உங்க மூக்க முன்கூட்டியே வாங்கி வச்சிட்டாரு, பாத்தியளா? எனக்காகத்தான்" என்றாள் ஜெபகனி, முதல் தடவை அவர் முகம் சுளிக்காமல் பையைக் கழுவியபோது.

"வாங்கினவரு ஒரு ரசீது தந்திருக்கலாம்" என்றார் அவர்.

இருவரும் சிரித்தார்கள். அப்போது அந்த வீட்டில் இன்னும் சிரிக்க முடிந்தது.

பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் இருந்த அந்த வீட்டில் இலாகாப் பிரிவினை கல்யாணமான நாளிலிருந்தே தெளிவு. கரண்டு பில், கேஸ் சிலிண்டர், குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருகிற நேரம் எல்லாம் அவர் இலாகா. கர்த்தர் அவள் இலாகா. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவரும் போவார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எந்த மின்விசிறிக்குக் கன்டென்சர் போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவள் பாடகர் குழுவில் முதல் வரிசை. ராத்திரி குடும்ப ஜெபத்தில் அவள் வேதம் வாசித்து, கீர்த்தனை பாடி, ஜெபமும் பண்ணுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் மட்டும் சொல்லுவார். ஒருவர் இலாகாவில் மற்றவர் தலையிடுவதில்லை. முப்பது வருஷத்தில் அதனால் ஒரு சண்டை வந்ததில்லை. பேச்சும் வந்ததில்லை என்பதை யார் கவனித்தார்கள்?

பை வந்ததும் அது அவர் இலாகாவுக்குள் போய்விட்டது. பாக்கியசீலன் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்திரண்டு வருஷம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பியூரெட்டில் ஒரு சொட்டு கூடினால் பையனை மறுபடியும் முதலிலிருந்து செய்ய வைக்கிற ஆள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பொன்செல்வி அவரைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் ஒரு பழைய பிராக்டிகல் நோட்டில் எழுதிக்கொண்டார். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைக்க வேண்டும். சோப்பு தேவையில்லை. ஈரம் ஒரு பொட்டு இல்லாமல் காயவிட வேண்டும். தாளில் ஓட்டை வெட்டி, அதைக் குடல் முனையைச் சுற்றித் தோலில் வைத்து அளவெடுத்து, பையை மாட்டுவதற்காகத் தோலில் ஒட்டுகிற பிளேட்டில் அந்த அளவுக்குத்தான் ஓட்டை வெட்ட வேண்டும்; பெரிதாக வெட்டினால் மலம் தோலைத் தொடும், சிறுகுடல் மலம் தொட்ட தோல் அமிலம் பட்ட துணியாகிவிடும். க்ரீம், எண்ணெய் எதுவும் கிட்டேயே வரக் கூடாது. பிளேட்டைக் கொஞ்சம் சூடாக்கி ஒட்டி, அரை மணி நேரம் அசையாமல் படுக்க வைக்க வேண்டும். இவ்வளவும் நோட்டில் இருந்தது. ஜெபகனியிடம் அவர் சொன்னது, "நீ அசையாமப் படுத்துக்கோ, மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்பது மட்டும்தான்.

பிளேட்டைச் சூடாக்க அவர் கண்டுபிடித்த வழி, அதைச் சட்டைக்குள் விட்டு அக்குளில் பத்து நிமிஷம் இடுக்கிக்கொள்வது. "அடைகாத்தது போதும், குஞ்சு பொரிச்சிரப் போவுது" என்று அவள் கட்டிலில் படுத்தபடியே கேலி செய்வாள். ஒட்டி முடிக்கும்வரை மெல்லிய குரலில் ஏதாவது பாடிக்கொண்டிருப்பாள். அளவெடுத்த தாள்களையும் அவர் தூக்கிப் போடவில்லை. குடல் முனை வாரா வாரம் சுருங்கிக்கொண்டு வரும் என்று நர்ஸ் சொல்லியிருந்ததால், ஒவ்வொரு தாளிலும் தேதி போட்டு நோட்டுக்குள் செருகி வைத்தார். செப்டம்பர் முழுக்க ஒரு பிளேட் நான்கு நாள், ஐந்து நாள் தாங்கியது.

அக்டோபரில் சரக்கு நின்றது. மார்க்கெட் பக்கம் மருந்துக் கடை வைத்திருந்த சிராஜுதீன்தான் மதுரையிலிருந்து வரவழைத்துத் தருவார். ஏஜென்சி மாறியிருக்கிறது, பழைய ஆள் கணக்கை முடித்துப் புது ஆள் எடுக்கும்வரை வராது என்று கையை விரித்துவிட்டார். இருப்பது போதாது என்று தெரிந்ததும் பாக்கியசீலன் ஒரு பிளேட்டை ஏழு நாள் ஓட்டினார். ஆறாம் நாளே அடியில் கசிந்தது. மூக்கு உள்ள மனிதனுக்குத் தெரிந்திருக்கும். ஜெபகனிக்குத் தெரிந்தது, பிளேட் வீணாகிவிடும் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. ஏழாம் நாள் கழற்றியபோது பிளேட்டோடு தோலும் கொஞ்சம் வந்தது.

அந்தத் தோலைப் பார்த்துத்தான் டாக்டர் ப்ரீத்தி நெற்றியைச் சுருக்கினார். தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது.

"உள்ள தையல் நல்லா ஆறியிருக்கும்மா. குடல உள்ள வச்சு மூடிரலாம். ஆனா வெளிய தோல் இப்பிடி இருந்தா, மூடுற இடத்துல சீழ் வச்சிரும். மூணு வாரம் கழிச்சு வெள்ளிக்கிழமை வாங்க. புண் ஆறியிருந்தா அன்னைக்கே அட்மிட் பண்ணிக்கிடுதேன். அதுக்கப்புறம் நான் லீவுல போறேன். திரும்பி வர ஜனவரி கடைசி ஆயிரும்."

வீட்டுக்கு ஆட்டோவில் வந்தார்கள். முருகன்குறிச்சி திரும்பும்போது ஜெபகனி சொன்னாள்: "மூணு வாரம்னா தாங்கிருவேன். ஜனவரின்னா என்னால ஆவாதுங்க. உங்கள்ட்ட சொல்லி வைக்கேன்." குரலில் மிரட்டல் ஒன்றும் இல்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். பாக்கியசீலன் அப்போதே பிளேட் கணக்கை எண்ணத் தொடங்கினார்.

வீட்டில் நான்கு பிளேட் இருந்தது. நான்கைந்து இருபது. ஒரு நாள் இடிக்கிறது, சமாளித்துக்கொள்ளலாம். ஒழுங்காக ஒட்டினால் பிளேட்டுக்கு அடியிலேயே தோல் ஆறிவிடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். பிளேட்டில் வெட்டி எடுத்த வட்டத்தைக்கூட அவர் வீணாக்கவில்லை. அதைத் திரித்து நூலாக்கி, வயிற்றுத் தழும்பின் பள்ளத்தில் வைத்து நிரவினால் பசை வாங்கத் தேவையில்லை. மலம் இறுகுவதற்கு ஜவ்வரிசிக் கஞ்சியும் வாழைப்பழமும். எல்லாம் கணக்காக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜெபகனியின் தங்கை சுகிர்தா நாசரேத்திலிருந்து வந்தாள். வாசலிலேயே "ஸ்தோத்திரம் அத்தான்" என்று ஆரம்பித்து, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கண்ணீரோடு ஜெபித்தாள். போகும்போது கைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து வேதப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். நாற்பது நாள் உபவாசமிருந்த ஒரு போதகர் ஜெபித்துக் கொடுத்த ஒலிவ எண்ணெயாம்.

"என்ன சுகிர்தா, தாளிக்கதுக்கா?" என்றார் பாக்கியசீலன்.

"நீங்க சிரிப்பியன்னு தெரியும் அத்தான். சிரிங்க" என்று சொல்லிவிட்டு அவள் நாசரேத் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள். ஜெபகனி சிரிக்கவில்லை. குப்பியை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அது அவள் இலாகா என்று அவர் கண்டுகொள்ளவில்லை.

திங்கட்கிழமை முதல் பிளேட். நோட்டில் உள்ளபடி ஒன்று விடாமல் செய்தார். செவ்வாய் மத்தியானம் அது ஓரத்தில் கிளம்பி, சேலை நனைந்தது. சரி, மழை ஈரம், புழுக்கம் என்று நினைத்தார். பக்கத்து வீட்டிலிருந்து தலைமுடி காயவைக்கிற மெஷினை இரவல் வாங்கி வந்து, தோலைக் காயவைத்து, இரண்டாவதை ஒட்டினார். அது ஒன்பது மணி நேரம்.

மறுநாள் கழன்ற பிளேட்டைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு சிராஜுதீன் கடைக்குப் போனார். கடையில் நாலு பேர் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"என்னவே பாய், என்னத்தத் தந்தீரு? காலாவதியான சரக்க என் தலையில கட்டிட்டீரா? அவ வயிறு வெந்து கெடக்கு."

சிராஜுதீன் பெட்டியை வாங்கித் திருப்பித் தேதியைக் காட்டினார். "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு சார். இதே பெட்டியிலதான் செப்டம்பர்ல வாங்குனிய. அப்ப ஒட்டுச்சுல்லா?" பிறகு நிற்கிறவர்களை விட்டுவிட்டு வெளியே இறங்கி வந்து, அவர் கையைப் பிடித்தார். "நானே மதுரைக்குத் தினம் ரெண்டு தடவ போன் போடுதேன். பத்தாம் தேதிக்கு மேல வரும்னுதான் சொல்லுதான். கோவப்படாதீய. மெல்ல வீட்டுக்குப் போங்க."

பத்தாம் தேதிக்கு மேல். டாக்டர் சொன்ன வெள்ளி ஏழாம் தேதி. பாக்கியசீலன் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்காமலே வந்துவிட்டார்.

மிச்சம் இரண்டு. இனி துணிதான் என்று முடிவு செய்தார். பிளேட்டை எடுத்து வைத்துவிட்டு, மடித்த துணியை வயிற்றில் வைத்து, நனைய நனைய மாற்றினார். சிறுகுடல் நேரம் பார்ப்பதில்லை. அரை மணிக்கு ஒரு தரம், சில சமயம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம். வீட்டில் இருந்த பழைய வேட்டியெல்லாம் இரண்டு நாளில் தீர்ந்தது. மூன்றாம் நாள் ஜெபகனி பீரோவைத் திறக்கச் சொன்னாள். பாடகர் குழு வெள்ளைச் சேலைகள் நான்கு, பிறந்தநாள் வரும் குழந்தையின் சட்டைபோல இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தன.

"பருத்தி. தோச்சுத் தோச்சு நல்லா மெதுவா இருக்கும். கிழிங்க."

"வேற பாப்போம், ஜெபா."

"இனி எங்க போய்ப் பாடப் போறேன், கிழிங்க."

அவர் கிழித்தார். நாலாக, எட்டாக. கிழிபடுகிற சத்தம் முடியும்வரை அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

புண் விரிந்தது. முதலில் உள்ளங்கை அகலம் இருந்தது, இடுப்பு வரைக்கும் போயிற்று. தோல் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. சிவப்பாக, ஈரம் மின்னிக்கொண்டு, உரித்த ஆட்டுத் தொடை மாதிரி இருந்தது. தண்ணீர் பட்டால் அவள் தலையணை உறையைக் கடித்துக்கொள்வாள். சாப்பிட்டால்தானே வெளியே வரும் என்று சாப்பாட்டை நிறுத்தினாள். பிறகு தண்ணீரையும் குறைத்தாள். உதடு வெடித்து, நின்றால் கண் இருட்டியது. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டம்ளரில் வைத்துக்கொண்டு அவர் கெஞ்சினார், அதட்டினார், ஒரு தடவை அழுதும் பார்த்தார். அவர் அழுததற்காக அரை டம்ளர் குடித்தாள்.

பட்ட காலிலே படும் என்பார்கள். அக்டோபர் முப்பதாம் தேதி, புண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம் என்று மூன்றாவது பிளேட்டை எடுத்தார். ஐந்து மணி நேரம்.

அன்றைக்கு ராத்திரி அவர் நோட்டைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். எங்கே தப்பு? அதே பெட்டி, அதே கத்தரி, அதே கை. ஆய்வகத்தில் பையன்கள் விடை தப்பாக வந்து விழிக்கும்போது அவர் சொல்லுவது ஒன்று உண்டு: மாறாதது எல்லாவற்றையும் ஒதுக்கு, மாறியது என்ன என்று பார். மாறியது அவருக்குத் தெரியவில்லை. தன் கை நடுங்க ஆரம்பித்துவிட்டதோ, வயசாகிவிட்டதோ என்று பயந்தார். பக்கத்து அறையில் ஜெபகனி தாழ்ந்த குரலில் ஜெபித்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் அவள் ஜெபத்தில் ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது. ஒட்டணும் ஆண்டவரே, ஒட்டணும்.

கடைசிப் பிளேட்டை ஆஸ்பத்திரிக்குப் போகிற பயணத்துக்கு என்று வைத்திருந்தார். ஆறாம் தேதி வியாழக்கிழமை, காலை பத்து மணி. அடுப்படியிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரைக் கொண்டு வந்து புண்ணைத் துடைத்து, காயவைத்து, தாளை வைத்து அளவெடுத்தார். தேதி எழுதுவதற்காகத் தாளை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். நாலு நாள் மழைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வெயில் அடித்தது. தாளை ஊடுருவி வெளிச்சம் வந்தது. அவர் வெட்டிய ஓட்டையைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் கண்ணாடி மாதிரி தெரிந்தது.

தண்ணீர்க் கறை காய்ந்துவிடும். அவர் தாளை மெஷின் காற்றில் காட்டினார். வளையம் போகவில்லை.

ஒன்பதாம் வகுப்பு முதல் பிராக்டிகல் அது. கடலையைத் தாளில் தேய், காயவை, வெளிச்சத்தில் பிடி, ஒளி ஊடுருவினால் கொழுப்பு இருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் அவர் கையால் கடலை எடுத்துக் கொடுத்திருக்கிறார். நோட்டிலிருந்த தாள்களையெல்லாம் உருவி ஒவ்வொன்றாக ஜன்னலில் பிடித்தார். செப்டம்பர் தாள்கள் சுத்தம். அக்டோபர் முதல் பாதி சுத்தம். சுகிர்தா வந்த மறுநாள் தொடங்கி ஒவ்வொரு தாளிலும் வளையம் இருந்தது.

மூக்கு இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

"ஜெபா. வயித்துல என்ன தடவுன?"

அவள் மறைக்க நினைக்கவில்லை. "சுகிர்தா கொண்டாந்த எண்ணெய்."

"எப்ப?"

"நீங்க வெந்நி எடுக்கப் போவும்போது. ஒவ்வொரு தடவையும். மூணு சொட்டுதான். பிதாவுக்கு ஒண்ணு, குமாரனுக்கு ஒண்ணு, பரிசுத்த ஆவிக்கு ஒண்ணு." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "புண்ணு ஆறணும்னுதான்" என்றாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா சிரிப்பிய."

பாக்கியசீலன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. மூன்று வாரமாக உள்ளே அடக்கி வைத்திருந்த தூக்கமின்மையும் பயமும் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"எண்ணெய் மேல எந்தப் பசை ஒட்டும்? சின்னப் பிள்ளைக்குத் தெரியும். மூணு பிளேட்டு, ஏளா, மூணு. எண்ணெயையும் நீயே தடவிட்டு, ஒட்டணும் ஒட்டணும்னு அவர்ட்டயே அழுதிருக்க. உன் தோலத் தின்னது பீ இல்ல. உன் ஜெபம்."

நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. அவருக்கு அது உடனே தெரிந்தது. ஜெபகனி அழவில்லை. அவர் கையிலிருந்த தாளை வாங்கி, படுத்தபடியே ஜன்னலுக்கு நேராகப் பிடித்து அந்த வளையத்தைப் பார்த்தாள்.

"அப்ப நாந்தானா?" என்றாள்.

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அவர் சொல்லவில்லை.

"எண்ணெய் ஆவாதுன்னு நர்ஸ் சொல்லிச்சா?"

"சொல்லிச்சு. நோட்டுல எழுதியிருக்கேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

பாக்கியசீலன் குளியலறைக்குப் போனார். அவர் சோப்பை எடுத்துவந்து, உள்ளங்கையில் நுரைத்து, புண்ணைச் சுற்றி மூன்று தடவை கழுவினார். அந்த எரிச்சலுக்கு அவள் கத்தியிருக்க வேண்டும். தலையணை உறையைக்கூடக் கடிக்கவில்லை. புதுத் தாளை வைத்து ஜன்னலில் பார்த்தார், வளையம் இல்லை. பிளேட்டை அக்குளில் வைத்திருந்த பத்து நிமிஷமும் அவள் அந்தப் பழைய தாளைக் கையிலிருந்து விடவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் ப்ரீத்தி அதைக் கழற்றப் பார்த்தார். ஓரத்தில் நகம் நுழையவில்லை. "நல்லா ஒட்டியிருக்கே, யாரு போட்டது?" என்று கேட்டுக்கொண்டே ஈரப் பஞ்சை வைத்து மெல்ல மெல்ல உரித்தார். அடியிலிருந்த புண்ணைக் குனிந்து பார்த்தார். கையுறையைக் கழற்றிப் போட்டு, ஜெபகனியின் தலையைத் தொட்டார்.

"இதுல கத்தி வைக்க முடியாதும்மா. ஜனவரி கடைசியில பாப்போம்."

"சரி டாக்டர்" என்றாள் ஜெபகனி. கேட்பாள், அழுவாள், டாக்டரின் கையைப் பிடித்துக் கெஞ்சுவாள் என்று பயந்து ஆறுதல் வார்த்தைகளைத் தயார் பண்ணி வைத்திருந்த பாக்கியசீலனுக்கு, அந்த ஒற்றைச் சொல்லைத் தாங்க முடியவில்லை. ஆட்டோவில் முருகன்குறிச்சி வந்தபோது அவள் மூன்று வாரத்துக்கு முன்னால் சொன்னது நினைவுக்கு வந்து, திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டோக்காரர் போட்டிருந்த பாட்டுக்கு நடுவே, "அந்த நோட்ட வீட்டுக்குப் போனதும் தாங்க" என்று மட்டும் கேட்டாள்.

பன்னிரண்டாம் தேதி சிராஜுதீன் தானே ஸ்கூட்டரில் வந்து ஒரு பெட்டியை வாசலில் கொடுத்துவிட்டுப் போனார். பத்து பிளேட். பாக்கியசீலன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குக் கடையில் பேசியதற்காக ஏதோ சொல்லப் பார்த்தார். "விடுங்க சார், அக்கா எப்படி இருக்காவ?" என்று கேட்டார் அவர். நல்லா இருக்கா என்று சொல்ல வேண்டியிருந்தது.

பொய்யும் இல்லை. பிளேட் ஐந்து நாள் தாங்கியது. அடுத்ததும் ஐந்து நாள். ஓரத்திலிருந்து புதுத் தோல் இளஞ்சிவப்பாக ஏறிக்கொண்டு வந்தது. அவள் சாப்பிட்டாள், தண்ணீர் குடித்தாள், சொன்னதையெல்லாம் செய்தாள். நோட்டை முழுவதும் படித்து மனப்பாடமே ஆக்கிவிட்டாள். முன்பு வேதப் புத்தகம் இருந்த இடத்தில், தலைமாட்டில், இப்போது அந்தப் பிராக்டிகல் நோட்டு கிடந்தது. "காஞ்சிட்டா? தாள வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தியளா?" என்று அவளே கேட்பாள். பார்த்தேன் என்று அவர் சொன்னாலும், கையை நீட்டித் தாளை வாங்கித் தானும் ஒரு தடவை பார்த்துக்கொள்வாள்.

ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் வேதப் புத்தகத்தையும் அவள் கண்ணாடியையும் கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் வைப்பார். "தூக்கம் வருதுங்க" என்று அவள் விளக்கை அணைக்கச் சொல்லிவிடுவாள். சுகிர்தா போனில் ஜெபிக்க ஆரம்பித்தால், போனை அவர் கையில் கொடுத்துவிடுவாள். அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு இருட்டில் நின்று, கடைசியில் ஆமென் சொல்லி வைப்பார். பாட்டு நின்று எத்தனை நாளாயிற்று என்று அவர் எண்ணவில்லை. பிளேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பத்து நிமிஷத்தில், கேலிக்காவது அவள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று ஏங்கினார். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்.

ஜனவரியைப் பற்றி அவள் பேசவே இல்லை. அவராகப் பேச்செடுத்தால், "பாப்போம்" என்பாள்.

நவம்பர் கடைசி வாரம், பிளேட் மாற்றுகிற நாள். வெந்நீருக்காக அடுப்படிக்குப் போன பாக்கியசீலன், திரும்பி வரும்போது அலமாரியில் நின்றார். குப்பி அங்கேதான் இருந்தது. அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு ஜெபகனியே அதைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து அங்கே கொண்டுபோய் வைத்தாள் என்று அவருக்குத் தெரியும். முக்கால்வாசி எண்ணெய் அப்படியே இருந்தது. மூடியைத் திறந்து, பழக்கதோஷத்தில் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். ஒன்றும் தெரியவில்லை.

வெந்நீரைக் கீழே வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, விரலில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஆமென் மட்டும் சொல்லிப் பழகிய வாய். பிதா என்று மட்டும் தொடங்கி, விரலை அவள் நெற்றிக்குக் கொண்டுபோனார்.

ஜெபகனி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நெத்தியிலதான், ஜெபா. வயித்துப் பக்கமே வர மாட்டேன்."

"வேண்டாங்க" என்றாள் அவள். கோபமே இல்லை குரலில். "பிறகு ஒட்டாது."

பக்கத்தில் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சேலைத் துணியில் ஒன்றை எடுத்து, அவர் விரலை நுனியிலிருந்து அடிவரை நன்றாகத் துடைத்துவிட்டாள். பிறகு, அவர் முதல் நாள் சொல்லிக்கொடுத்தபடி, அசையாமல் படுத்துக்கொண்டாள்.